பழைய வேனுக்குப் பாகம் தேடி...

பழங்கால மோட்டார் வாகனங்கள் என்றால் நம் எல்லோருக்கும் ஒரு தனி மோகம் உண்டு. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை 1964-ல் தில்லியில் தொடங்கிய பழைய கார் அணிவகுப்பைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். கொல்கத்தாவிலும் குளிர்காலத்தில் அத்தகைய அணிவகுப்புக்குக் கூட்டம் அலைமோதும். மகாராஜா ஏறிய ரோல்ஸ் ராய்ஸ், ஜமீன்தார் வீட்டு ஆஸ்டின், டாக்டர் வீட்டு மோரிஸ் என்று பளபளவென்று வரிசை கட்டி நிற்கும். ஆனால் அதே காலத்தில் விடியற்காலையில் ரொட்டியும், பத்திரிகைக் கட்டும், மருந்துப் பெட்டியும் சுமந்து தெருத் தெருவாக ஓடிய டெலிவரி வேன் அந்த வரிசையில் கண்ணில் படுவது அபூர்வம். காரணம் எளிது. காரைப் பெருமைக்கு வைத்திருந்தார்கள். வேனை வேலைக்கு வைத்திருந்தார்கள். வேலை ஓய்ந்ததும் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

ரயில்வே பட்டறையில் பல ஆண்டு காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, அப்படி எடைக்குப் போகவிருந்த ஒரு வேனுக்குப் பாகம் தேடும் வேலை வந்து வாய்த்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தேடினோம். "இரும்புக் கடை வைக்கப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்கும் அளவுக்கு வீட்டு வராந்தா நிறைந்தது. அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வேன் வந்த வழி

பவானிப்பூரில் வசிக்கும் என் வங்காள நண்பர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவருடைய தகப்பனார் சிறிய ரொட்டிக் கடை நடத்தியவர். கடைக்காக வாங்கிய 1950-ம் ஆண்டு ஷெவர்லே வேன், 1978 முதல் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நின்றது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒப்பந்தம் ஆனதும் கொட்டகையைக் காலி செய்ய வேண்டிய கட்டாயம். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து நாற்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். பிள்ளைகளும் சரி என்றார்கள். நண்பருக்கும், 84 வயதான அவருடைய அக்காவுக்கும் மட்டும் மனம் ஒப்பவில்லை. சிறுமியாக அந்த வேனில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து போனவர் அந்த அம்மாள். "அதன் சொந்த எஞ்சின் ஓடும் சத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும், தாதா. பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்" என்றார் நண்பர். பாரக்பூரில் உறவினர் ஒருவர் தோட்டத்தில் இடம் கொடுத்தார். வேனை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினோம்.

அமெரிக்காவில் இதைப் பேனல் டிரக் என்பார்கள். முன்பாதி பிக்கப் வண்டி; பின்பாதி பக்கவாட்டில் ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டி; பின்னால் இரட்டைக் கதவு. அரை டன் வகை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 116 அங்குலம். 216.5 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நம் கணக்கில் சுமார் மூன்றரை லிட்டர். காலால் பெடலை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஏன் பாகம் கிடைப்பதில்லை?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்தது. கடல் கடந்து பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டி விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, வெறுமனே பூட்டி விற்பது போதாது, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் வேண்டும் என்று 1953-ல் சுங்கவரிக் கமிஷன் பரிந்துரை செய்ய, அரசும் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் மோட்டார் தொழிலுக்கு அது நல்லதாகவே முடிந்தது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. அதற்கு முன் விற்ற வண்டிகள் தாயில்லாப் பிள்ளைகள் ஆயின. இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. எஞ்சின் தேய்ந்தவர்கள், 1950-களில் சென்னை சிம்சன் கம்பெனி தயாரிக்கத் தொடங்கிய பெர்கின்ஸ் பி-6 போன்ற டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். பெட்ரோல் செலவு மிச்சம். கழற்றிய பெட்ரோல் எஞ்சின்கள் உலைக்குப் போயின. எனவே இன்று இந்த வகையில் சொந்த எஞ்சினோடு நிற்கும் வண்டியே அரிது. எங்களுக்கும் மூன்று மெக்கானிக்குகள் டீசல் போடும்படிதான் யோசனை சொன்னார்கள். அது வேண்டாம் என்று நண்பர் உறுதியாக இருந்தார்.

பெயரைச் சொன்னால் கிடைக்காது

கொல்கத்தாவில் மோட்டார் பாகம் என்றால் மல்லிக் பஜார். "ஷெவர்லே 1950 பாகம் இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்குக் கடை "நேஹி" என்ற ஒரே பதில்தான். பழைய பாகத்தையே கையில் கொடுத்தால் கதை வேறு. அறுபது வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கும் உஸ்தாத் ஒருவர், நான் கொடுத்த பிஸ்டன் ரிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பரணில் ஏறி மெழுகுத்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். அது உலகப் போர்க் காலத்துக் கனடா ராணுவ லாரியின் ரிங்!

இதில் மாயமில்லை. அந்த 216 எஞ்சினை ஷெவர்லே 1937 முதல் 1953 வரை கார், வேன், லாரி எல்லாவற்றிலும் போட்டது. போரின்போது கனடாவில் தயாரான ஷெவர்லே ராணுவ லாரியிலும் அதுவே. பர்மா போர்முனைக்காகக் கிழக்கிந்தியாவில் வந்து குவிந்த ராணுவ வண்டிகள், போர் முடிந்ததும் ஏலத்தில் போயின. உபரி பாகங்கள் சந்தைக்கு வந்தன. (ரயில்வே அன்பர்களுக்கு ஒரு கொசுறு: கனடா ஃபோர்டு சேஸிஸ் மேல் டாடாவின் கவசத் தகட்டைப் பொருத்தி ரயில்வே பட்டறைகளில் கட்டிய கவச வண்டிகளுக்கு அந்நாளில் 'டாடாநகர்' என்றே செல்லப் பெயர்.)

ஆகவே முதல் பாடம், வண்டியின் குடும்ப மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வேனுக்கு 1947 முதல் 1955-ன் தொடக்கம் வரை வந்த ஷெவர்லே பிக்கப் முன்பாதியில் உடன்பிறப்பு. ஜன்னல் வைத்த சபர்பன் வண்டி பின்பாதியில் உடன்பிறப்பு. ஜி.எம்.சி. வண்டிகள் பெரியப்பா பிள்ளைகள். அதே சமயம், உடன்பிறப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. 1951-ல் அரை டன் வண்டியின் பிரேக் அமைப்பு ஹக் வகையிலிருந்து பெண்டிக்ஸ் வகைக்கு மாறியது. அதே வருடம் கதவில் சிறு முக்கோண ஜன்னல் சேர்ந்தது. 1954-ல் முன்பக்கக் கிரில் மாறியது. வருடமும் பாகமும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டியவை.

அளவைச் சொன்னால் கிடைக்கும்

இரண்டாவது பாடம், ஒவ்வொரு பாகத்தையும் அளந்து நோட்டில் எழுதுவது. ஆயில் சீல் வாங்க வண்டியின் பெயர் தேவையில்லை. தண்டின் விட்டம், குழியின் விட்டம், கனம் என்று மூன்று அளவு போதும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப்புக்கு உள்விட்டம் ஒன்றே அளவு. டயர் 6.00-16. நம் ஊர் ஜீப்புக்கும் அதேதான். பல்பு ஆறு வோல்ட். பழைய ஸ்கூட்டர், புல்லட் பாகம் விற்கும் கடைகளில் தேடினால் அகப்படும். முன் கண்ணாடி வளைவில்லாத இரண்டு தட்டைத் துண்டுகள். அட்டையில் வார்ப்பு வெட்டிக் கொடுத்ததும், கண்ணாடிக்காரர் லேமினேட் செய்த தகட்டில் அறுத்துக் கொடுத்துவிட்டார்.

மரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலேய மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரை 60 பாகை. 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி ஒரே மரைக்கு உடன்பட்டன. அதன் பயனாக, பின்னாளில் வந்த நம் அம்பாசடரின் பல போல்ட் நட்டுகள் இந்த அமெரிக்க வேனில் சுகமாக ஏறின. ஏறுகிறதே என்று ஸ்பேனரால் முறுக்கிப் பழைய ஆங்கிலேய போல்ட்டை ஏற்றினால் மரை செத்துப்போகும். மரை அளவி ஒன்று கையில் இருந்தால் சண்டை இல்லை.

கடையில் இல்லாததை வேறு தொழிலில் தேட வேண்டும். கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பெட்ரோலைப் பீச்சும் சிறிய தோல் கப் காய்ந்து உதிர்ந்துவிட்டது. பெண்டிங்க் தெருவில் தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைக்கும் சீனர் ஒருவரிடம் காட்டினேன். மெல்லிய தோலை நனைத்து, நான் கடைந்து கொடுத்த மர அச்சில் அழுத்திக் காயவைத்து, எண்ணெயில் ஊறப்போட்டு மூன்றாம் நாள் கொடுத்தார். பாட்டரிக்கும் அப்படித்தான். ஈய பாட்டரியில் ஒரு செல் இரண்டு வோல்ட். மூன்று செல் சேர்ந்தால் ஆறு. ரயில் பெட்டி விளக்குக்கும் இப்படிச் செல்களை அடுக்குவதுதான் முறை. தெரிந்த பாட்டரிக்காரர் மூன்று பெரிய செல்களை ஒரே பெட்டியில் கட்டிக் கொடுத்தார். ஆறு வோல்ட்டில் அதே வேலைக்கு இரட்டிப்பு மின்னோட்டம் தேவை என்பதால் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டர் மந்தம் என்று குறை சொல்பவர்கள் உண்டு.

எரிபொருள் பம்பின் டயஃப்ரம் விஷயத்தில் பழைய சரக்கையே வாங்கக் கூடாது. 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. அந்தக் காலத்து ரப்பரை எத்தனால் கெடுத்துவிடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் புதிதாக வெட்டிப் போட்டோம். பிரேக் கப்பும் அப்படியே. எவ்வளவு பழமைப் பற்று இருந்தாலும் பிரேக்கில் எழுபது வருட ரப்பரை நம்பக் கூடாது.

ஸ்டியரிங் மட்டும் எதற்கும் மசியவில்லை. அமெரிக்காவில் இந்த வண்டிகளுக்குப் புதிதாகவே பாகம் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நமக்கு வேண்டியது வலப்பக்கம். நம்மைப் போல இடப்பக்கமாக வண்டி ஓட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில்தான் தேட வேண்டும். சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் மெல்போர்னில் இருக்கிறார். அவர் ஒரு பண்ணைக்குச் சென்று, கழித்துப் போட்ட பிக்கப் வண்டியிலிருந்து ஸ்டியரிங் பெட்டியின் தண்டையும் கையையும் கழற்றி வாங்கினார். பொங்கலுக்கு ஊர் வரும்போது துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு அந்த இரும்பைச் சுமந்து வந்த பிள்ளைக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்ல!

வாங்க முடியாத பாகம்

இதுவரை சொன்னவை பொறுமை இருந்தால் யாருக்கும் கிடைக்கும். ஒன்று மட்டும் எங்களைத் திணறடித்தது. இன்றைய எஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் கழற்றி மாட்டும் பேரிங் ஷெல் இருக்கும். தேய்ந்தால் கடையில் வாங்கிப் போடலாம். இந்த 216 எஞ்சினில் ஷெல் கிடையாது. ஒயிட் மெட்டலை உருக்கி ராடுக்குள்ளேயே வார்த்திருப்பார்கள். எங்கள் வண்டியில் ஆறு ராடிலும் அது விரிசல் விட்டுப் பெயர்ந்திருந்தது. ஆக, இது சரக்காக வாங்கும் பாகமே அல்ல. யாராவது வார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒயிட் மெட்டல் எனக்குப் புதிதல்ல. 1979-ல் டிப்ளமோவை முடித்துக் கரக்பூர் பட்டறையில் சேர்ந்தபோது பழைய வேகன்களின் ஆக்ஸில் பெட்டியில் அதைப் பூசிய பேரிங்தான். எண்ணெய் வற்றினால் 'ஹாட் ஆக்ஸில்'. வேகனைக் கழற்றி நிறுத்த வேண்டியதுதான். பிறகு ரோலர் பேரிங் பரவியது. ஹாட் ஆக்ஸில் தொல்லை குறைந்தது. வார்க்கும் கைகளும் குறைந்தன. வேகன் பேரிங்கை வார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஆனால் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுழலும் எஞ்சின் ராடை வார்ப்பது வேறு வித்தை.

ஹௌராவில் விசாரித்து விசாரித்து, பெலிலியஸ் சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் 78 வயது மிஸ்திரி ஒருவரைப் பிடித்தோம். சணல் ஆலை இயந்திரங்களுக்கும் ஆற்றுப் படகு எஞ்சின்களுக்கும் பேரிங் வார்த்தே பிழைத்தவர். ராடைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும், இஞ்சினியர் பாபு. ஆனால் கை நடுங்குகிறது. கரண்டியை நான் பிடிக்க முடியாது" என்றார். அவருடைய பேரன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொண்டு கொடுப்பவன். தாத்தாவின் உலையை அவன் தொட்டதே இல்லை. "நீ பிடி, நான் சொல்கிறேன்" என்றார் தாத்தா. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாருக்காவது என்றாவது பயன்படும். எஞ்சினுக்கு ஏற்ற உலோகம் வெள்ளீயம் 89, ஆன்டிமனி 7.5, தாமிரம் 3.5 என்ற விகிதக் கலவை. முதலில் ராடை எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் சுத்தம் செய்து, உட்புறம் முழுவதும் ஈயம் பூச வேண்டும். ராடையும் அச்சையும் சூடேற்றியபின் ஒரே வீச்சில், இடையில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். உலோகத்தின் சூடு ஏறக்குறைய 425 டிகிரி சென்டிகிரேடு. மிஸ்திரியிடம் தெர்மாமீட்டர் கிடையாது. தேவதாரு மரக்குச்சியை உருகிய உலோகத்தில் நுழைத்து எடுப்பார். குச்சி பழுப்பாகக் கருகினால் சூடு சரி. பற்றி எரிந்தால் அதிகம். நான் கொண்டுபோன கருவியை வைத்துப் பார்த்தேன். அவருடைய குச்சிக்கும் என் கருவிக்கும் பத்து டிகிரி கூட வித்தியாசம் இல்லை.

ஆறியபின் தட்டிப் பார்த்தார். ஒட்டியிருந்தால் மணிபோல ஒலிக்கும். இல்லையென்றால் பானை விரிந்த சத்தம். பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, விளிம்பில் சுண்ணாம்புத் தூள் பூசினார். உலோகத்துக்கும் ராடுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து தூளில் கறை படும். ஆறில் இரண்டைத் தள்ளிவிட்டார். பேரன் முகம் சுருங்கியது. உருக்கி மறுபடி ஊற்றினான். இம்முறை ஆறும் மணியாக ஒலித்தன. பின்னர் லேத்தில் கடைந்து, கிராங்க்கில் நீலச் சாயம் தடவிப் பொருத்தி, பட்ட இடத்தைச் சுரண்டிச் சுரண்டி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு இடைவெளிக்குக் கொண்டுவந்தோம். சுரண்டும் வேலை மட்டும் ஒன்பது நாள்.

எஞ்சின் ஓடியது

சென்ற மார்கழியில் ஒரு காலை, ஆறாவது மிதியில் எஞ்சின் பிடித்தது. ஆயில் மீட்டர் முள் பத்தைத் தாண்டவில்லை என்று உடனிருந்த இளம் மெக்கானிக் பதறிப்போய் அணைக்கப் பார்த்தார். இந்த எஞ்சினுக்கு அது இயல்பு. ஒவ்வொரு ராடின் அடியிலும் சிறு கரண்டி போன்ற ஒரு நீட்டம் இருக்கும். அது சுற்றும்போதெல்லாம் தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிப் பேரிங்குக்கு ஊட்டிவிடும். எனவே இன்றைய கார் போல எண்ணெய் அழுத்தம் தேவையில்லை. இது தெரியாமல் நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. நண்பரின் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் அதேதான். ரொட்டி வாசனைதான் இல்லை" என்றார்.

சாலையில் ஓட்டுவது பற்றிக் கேட்பீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டு அசல் வடிவத்தில் உள்ள வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. எஞ்சினிலோ சேஸிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. டீசல் போடாமல் நாங்கள் பட்ட பாட்டுக்கு அதுவும் ஒரு நியாயம். ஆனால் அந்த விதியில் வருபவை இரு சக்கர வண்டிகளும், சொந்த உபயோகத்துக்கான பயணிகள் கார்களுமே. சரக்கு சுமந்த வேனுக்கு அங்கும் இடமில்லை! ஆகவே இப்போதைக்குத் தோட்டத்துக்குள்தான் நகர்கிறது. விதி ஒருநாள் விரியும் என்று நம்புகிறோம்.

மிஸ்திரியின் பேரன் மழைக்கு முன் தானாகவே என்னைத் தேடி வந்தான். உல்டாடாங்காவில் யாரோ ஒருவர் பழைய ஆஸ்டினுக்கு நாலு ராடு வார்க்க வேண்டும் என்று கேட்டாராம். என் நோட்டில் எழுதியிருந்த செய்முறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். தாத்தா பக்கத்தில் இருக்கும்வரை நோட்டு தேவைப்படாது. பிறகு தேவைப்படும்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கரக்பூர், ஜாம்ஷெட்பூர், ஆசன்சோல் பக்கங்களில் பழைய குவார்ட்டர்ஸ்களிலும் கொட்டகைகளிலும் அப்பா வைத்துப்போன பாகப் பெட்டி ஒன்று இருக்கலாம். எடைக்குப் போடுமுன் அதில் என்ன எண், என்ன அளவு என்று ஒரு காகிதத்தில் குறித்து நாலு பேருக்குக் காட்டுங்கள். பட்டறையில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய கைமுறையை உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அச்சிட்ட புத்தகங்களில் அதெல்லாம் முழுதாக இல்லை.

இன்னும் ஒன்று. எங்கள் வேனின் பின்கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடைக்கவே இல்லை. தற்சமயம் கயிறு கட்டித்தான் மூடி வைத்திருக்கிறோம். சென்னை புதுப்பேட்டையிலும் தில்லி காஷ்மீரி கேட்டிலும் தேடியாகிவிட்டது. 1947-லிருந்து 1955 வரையிலான ஷெவர்லே வேன் அல்லது சபர்பன் கைப்பிடி யார் கண்ணிலாவது பட்டால், சங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். சேதி கிடைத்த அன்றே ரயிலேறி வந்துவிடுகிறேன்.